கனவிற் கண்ட முகம்

சென்ற ஆனி மாதத்தில், உடல்நலத்தை முன்னிட்டு, நீலகிரியிலுள்ள வெலிங்டனில் நாம் பத்து நாட்கள் தங்கும்படி நேர்ந்தது. குன்னூருக்கு அருகே ஜக்கதளா என்று பெயர் வழங்கிய மலைச்சரிவில், 1850-க்குப் பின் வெள்ளைச் சிப்பாய்களுக்கென்று ஆங்கிலேயர் பாசறைகள் கட்டினர். பின்னர் தம் தேசத்துப் பிரபு ஒருவரின் பெயரையே ஊருக்கும் சூட்டினர். கட்டியவர்கள் போய்விட்டார்கள், பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஒரு நாட்காலை, மூடுபனி விலகாத வேளையில், நாம் உலாவச் சென்ற சாலைக்குக் கீழேயிருந்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்று தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாடினார்கள். பனியினூடே முகங்கள் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது. அன்னியப் பெயர் பூண்ட அவ்வூரில் அக்குரலைக் கேட்டு நின்ற நமக்கு உள்ளம் நிறைந்தது.

அன்று மாலை அப்பள்ளியின் மாணவன் ஒருவனை வழியிற் கண்டு, அப்பாட்டை இயற்றியவர் யார் என்று வினவினோம். மனோன்மணீயம் சுந்தரனார் என்று தடையின்றி விடை வந்தது. மனோன்மணீயம் என்பது யாது என்று மீண்டும் வினவினோம். அது அவருடைய சொந்த ஊரின் பெயராயிருக்கலாம் என்று அவன் பணிவுடன் கூறினான். நாம் நகைக்கவில்லை, நகைக்க நமக்கு உரிமையும் இல்லை. சட்டக் கலாசாலையிற் படித்த காலத்தில், ஆங்கில நாடகத்திலே மாடத்தில் நின்று காதல் பேசும் ஜூலியத்தின் வசனங்கள் நமக்கு மனப்பாடம். மனோன்மணீயத்தை முதற்பக்கம் முதல் கடைசிப்பக்கம் வரை நாம் வாசித்ததோ முப்பத்தைந்து வயதைக் கடந்த பின்னரே. ஆதலால் அச்சிறுவனுக்குச் சொல்லவேண்டிய விடையை இன்று நமது நேயர்களுக்குச் சொல்லத் துணிகிறோம். மனோன்மணீயம் என்பது ஒரு காதல் நாடகம். ஒரு கன்னியும் ஒரு மன்னனும் ஒருவரையொருவர் கண்ட மாத்திரத்தில் காதலுறுகின்ற கதை அது. ஆனால் அவர்கள் கண்டது கண்ணினால் அன்று, கனவினால்.

அந்நாடகத்தை இயற்றிய சுந்தரம் பிள்ளையவர்கள் 1855-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 4-ந் தேதி ஆலப்புழையிற் பிறந்தார். தந்தையார் பெருமாள் பிள்ளை. தாயார் மாடத்தி அம்மாள். திருவிதாங்கூர் சமஸ்தானத்திலே மலையாளம் சூழ வாழ்ந்தபோதிலும், வீட்டில் வழங்கியது தமிழே. தேவாரமும் திருவாசகமும் இளமையிலேயே அவருக்குப் பழக்கமாயின. திருவனந்தபுரம் மகாராஜா கலாசாலையில் பயின்று 1876-ல் பி.ஏ. பட்டமும், 1880-ல் தத்துவ சாஸ்திரத்தில் எம்.ஏ. பட்டமும் பெற்றார். இடையில் 1877-ல் சிவகாமி அம்மாளை மணந்தார். சில காலம் திருநெல்வேலிக்குச் சென்று, பிற்காலத்தில் இந்துக் கலாசாலையாக வளர்ந்த பள்ளிக்கூடத்திற்குத் தலைமை ஆசிரியராக இருந்தார். அங்கிருந்த நாட்களிலேதான் கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகளைத் தரிசித்து அவருக்குச் சீடரானார். பிறகு திருவனந்தபுரம் திரும்பி, அரண்மனை உத்தியோகம் சில ஆண்டுகள் பார்த்து, முடிவில் தாம் படித்த கலாசாலையிலேயே தத்துவப் பேராசிரியராக அமர்ந்தார். அப்பதவியில் அவருக்கு முன்னிருந்தவர் ஹார்வி என்னும் ஆங்கிலப் பேராசிரியர். அவர்பால் பிள்ளையவர்களுக்கு இருந்த நன்றி பெரிது. பேரூர்க்கடையில் தமக்குக் கிடைத்த நிலத்திற்கும் அங்கே கட்டிய இல்லத்திற்கும் ஹார்விபுரம் என்றே பெயரிட்டார். ஆங்கிலேயரிடம் கற்றவர், ஆங்கிலத்திலேயே கற்பித்தவர், ஆங்கிலேயரை நேசித்தவர். இருந்தும் தம் வாழ்நாளின் சிறந்த உழைப்பைத் தமிழுக்கே கொடுத்தவர். இவ்விரண்டும் ஒருவரிடத்தே முரணின்றி இருந்தன என்பதை நம் தேசபக்தர்கள் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும்.

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்த முன்னோர் வழியில் வந்த நாம், அக்காலத்தில் நாடகத்திற்கென்று காட்டத்தக்க இலக்கிய நூல் ஒன்றும் இல்லாதிருந்தோம். கூத்துகள் இருந்தன, கீர்த்தனை நாடகங்கள் இருந்தன, குறவஞ்சியும் பள்ளும் இருந்தன. ஆனால் ஷேக்ஸ்பியரையும் காளிதாசரையும் கற்ற ஒருவர், இது எம்முடையது என்று எடுத்துக் காட்டத்தக்க செய்யுள் நாடகம் தமிழில் இல்லை. அக்குறையைத் தீர்ப்பதற்கே பிள்ளையவர்கள் முற்பட்டார். பெரும்பான்மையும் ஆசிரியப்பாவினால் யாத்து, ஐந்து அங்கங்களாக வகுத்து, 1891-ல் மனோன்மணீயத்தை வெளியிட்டார். அதன் தொடக்கத்தில் அமைந்த வாழ்த்தின் ஒரு பகுதியையே இன்று நம் பிள்ளைகள் பாடுகிறார்கள்.

முதற்காட்சியிற் பிறக்கும் காதலை உலக நாடகங்கள் எவ்வாறு பேசுகின்றன என்பதைச் சற்று ஆராய்ந்தாலன்றி, பிள்ளையவர்கள் செய்த புதுமை விளங்காது. ஷேக்ஸ்பியரின் ரோமியோ பகைவர் வீட்டு விருந்திலே ஜூலியத்தைக் காண்கிறான். உடனே அவன் வாயில் வருபவை ஒளியும் ரத்தினமும். அடுத்து அவளைத் திருக்கோயிலாகவும் தன்னை யாத்திரிகனாகவும் பாவித்துப் பேசுகிறான். காளிதாசரின் துஷ்யந்தன் ஆசிரமத்து மரங்களுக்குப் பின் மறைந்து நின்று, செடிகளுக்கு நீர் வார்க்கும் சகுந்தலையைப் பார்க்கிறான். மரவுரியும் அவள் அழகைக் குறைக்கவில்லை என்று வியக்கிறான். அவள் முகத்தைச் சுற்றும் வண்டின்மீதே பொறாமை கொள்கிறான். மேல்நாட்டுக் கவிக்கு விளக்கும் கோயிலும். கீழ்நாட்டுக் கவிக்குக் கொடியும் பூவும் வண்டும்.

நம் தமிழ் மரபு இவ்விரண்டினும் வேறானது. தொல்காப்பியர் களவியலில், ஊழின் ஏவலால் ஒத்த தலைவனும் தலைவியும் எதிர்ப்படுவதைக் காட்சி என்றார். காட்சிக்குப் பின் உடனே காதல் மொழி வருவதில்லை, ஐயம் வருகிறது. இவள் தெய்வமோ மானுடப் பெண்ணோ என்று தலைவன் மயங்குகிறான். வள்ளுவர் இன்பத்துப்பாலைத் தொடங்குவதும் இந்த மயக்கத்திலேதான். அதன்பின் அவன் அடையாளங்களைத் தேடுகிறான். சூடிய பூ வாடுகிறதா? கண் இமைக்கிறதா? முகத்தில் அச்சம் தோன்றுகிறதா? இவையெல்லாம் மானுடர்க்கே உரியவை ஆதலால், இவள் பெண்ணே என்று துணிகிறான். அதுவே தெளிவு. கண்டவுடன் மயங்கு, ஆனால் தெளிந்த பின்னரே பேசு என்று காதலுக்கும் ஒரு நீதி முறையை வகுத்த இலக்கணம் இது. சாட்சியம் இன்றித் தீர்ப்பு இல்லை என்னும் கொள்கையில் வளர்ந்த வக்கீலாகிய நமக்கு இம்முறை மிகவும் உவப்பானது என்பதை ஒப்புக்கொள்கிறோம். கம்பரும் இவ்வழியே சென்றார். வான்மீகத்தில் வில்லொடிப்பதற்கு முன் இராமனும் சீதையும் ஒருவரையொருவர் காணவில்லை. கம்பரோ மிதிலை வீதியில் நடந்து செல்லும் இராமனையும் கன்னிமாடத்திலே நின்ற சீதையையும் கண்ணொடு கண் காணச் செய்து, அந்த ஒரு பார்வையின் மேலேயே தம் காவியத்தின் காதலை நிறுத்தினார்.

இனிச் சுந்தரம் பிள்ளையவர்களிடம் வருவோம். அவர் தம் கதைக்கு வித்தாகக் கொண்டது லிட்டன் பிரபு என்னும் ஆங்கில நாவலாசிரியர் 1866-ல் வெளியிட்ட செய்யுட் கதைத் தொகுதியில் உள்ள இரகசிய வழி என்னும் கதை. இங்கே ஒரு விந்தையை நேயர்களுக்கு நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. இந்த லிட்டனுடைய புதல்வரே 1876 முதல் 1880 வரை இந்தியாவின் வைஸிராயாக இருந்தவர். தென்னாட்டை மாபெரும் பஞ்சம் விழுங்கிக்கொண்டிருந்த 1877-ல் டெல்லியிலே ஆடம்பரமான தர்பார் நடத்தியவர். 1878-ல் சுதேச பாஷைப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தவர். மகன் நம் பாஷைகளுக்குப் பூட்டுப் போட்டார். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் தந்தையின் கதையை எடுத்தே ஒரு தமிழர் தம் பாஷைக்கு மகுடம் செய்தார்.

அன்றியும், அக்கதை லிட்டனுக்கும் சொந்தமன்று. அலெக்ஸாந்தரின் அரசவையில் அலுவல் பார்த்த காரெஸ் என்னும் கிரேக்கர் அதை எழுதிவைத்தார்; அதிநேயஸ் என்பவரது நூலால் அது நமக்குக் கிடைத்திருக்கிறது. ஓதாதிஸ் என்னும் அரசகுமாரியும் ஸாரியாத்ரெஸ் என்னும் மன்னனும் ஒருவரையொருவர் கனவிற் கண்டு காதலித்தனர் என்றும், ஆசியாவின் மக்கள் அக்கதையைப் பெரிதும் போற்றிக் கோயில்களிலும் அரண்மனைகளிலும் வீடுகளிலும் சித்திரமாகத் தீட்டினர் என்றும் அவர் கூறுகிறார். நம் புராணத்திலும் பாணாசுரன் மகளாகிய உஷை, அநிருத்தனைக் கனவிற் கண்டு காதலுற்று, அவன் யாரென்று அறியாது தவிக்க, தோழி சித்திரலேகை உருவங்கள் எழுதிக் காட்டி அவனை அடையாளங் கண்ட கதை உண்டு. ஆகவே கனவுக் காதல் ஆசியாவின் பழஞ்செல்வம். அது கிரேக்கம் சென்று, லண்டன் சென்று, திருவனந்தபுரம் வழியாகத் தமிழுக்கு வந்துசேர்ந்தது.

நாடகத்தின் கதையைச் சுருக்கிக் கூறுவோம். பாண்டியன் ஜீவகன் நல்லவன். ஆனால் தன் செவிக்கு இனியதைச் சொல்பவனையே நம்புகிறவன். மந்திரி குடிலன் சொற்கேட்டு மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் புதுக் கோட்டை கட்டுகிறான். குலகுருவாகிய சுந்தர முனிவர் அக்கோட்டைக்கு வரக்கூடிய கேட்டை உணர்ந்து, கோட்டைக்குள் ஓர் அறையைக் கேட்டுப் பெற்று, அங்கிருந்து தம் ஆசிரமத்திற்கு ஒருவரும் அறியாமல் சுரங்கம் அமைக்கிறார். ஜீவகனுடைய ஒரே புதல்வி மனோன்மணி, சேரமன்னன் புருடோத்தமனைக் கனவிற் காண்கிறாள். அவன் யாரென்றும் எந்நாட்டான் என்றும் அறியாமல் காதல் நோயால் மெலிகிறாள். முனிவர் சேரனே அவளுக்கு ஏற்ற கணவன் என்று கூறி, நடராஜன் என்னும் தக்கவனைத் தூது அனுப்பும்படி சொல்கிறார். குடிலனோ தன் மகன் பலதேவனை அனுப்புகிறான். மணத்தூதோடு நாஞ்சில் நாட்டு வழக்கையும் கலந்துவிடுகிறான்.

இவ்விடத்தில்தான் நாடகத்தின் நயம் முழுவதும் தங்கியிருக்கிறது. திருவனந்தபுரத்து அரண்மனையில் புருடோத்தமனும் அதே நோயால் வருந்திக்கொண்டிருக்கிறான். இரவுதோறும் கனவில் வரும் பெண் யாரென்று அவனுக்குத் தெரியாது. அவளையே மணந்துகொள்ளும்படி தூதன் வந்து நிற்கிறான். அவனோ தூதனின் செருக்கைக் கண்டு சினந்து, மணத்தை மறுத்துப் போர் அறிவிக்கிறான். முகம் தெரியும், பெயர் தெரியாது. தான் தேடும் பெண்ணின் நாட்டின்மீதே படையெடுத்துச் செல்கிறான்.

போரில் ஜீவகன் தோற்கிறான். உண்மை ஊழியனாகிய நாராயணனால் உயிர் தப்பியும், குடிலனையே இன்னும் நம்புகிறான். மகளைச் சுரங்க வழியே ஆசிரமத்திற்கு அனுப்பலாம் என்று முனிவர் சொல்ல, அதற்குமுன் பலதேவனுக்கே அவளை மணம் முடித்துவிடவேண்டும் என்று குடிலன் அரசனைத் துணியச் செய்கிறான். தந்தையின் துயரைக் காணப் பொறாத மனோன்மணி, தன் உள்ளத்தை உள்ளேயே புதைத்துக்கொண்டு இசைகிறாள். நள்ளிரவில் மணத்திற்கு ஏற்பாடு நடக்கிறது. அதற்குள் குடிலன் சுரங்கத்தைக் கண்டுபிடித்து, அதைக் காட்டிக்கொடுத்து ராஜ்யம் பெறலாமென்று பகைவனிடமே ஓடுகிறான். புருடோத்தமன் துரோகியை விலங்கிட்டு இழுத்துக்கொண்டு சுரங்க வழியே வந்து மணப்பந்தலில் தோன்றுகிறான். கையில் மாலையோடு நின்ற மனோன்மணி நிமிர்ந்து பார்க்கிறாள். அதுவே அவர்களுடைய முதற்காட்சி. மாலை சேரன் கழுத்தில் விழுகிறது.

தமிழ் இலக்கணம் வகுத்த காட்சி, ஐயம், தெளிவு என்னும் மூன்றையும் பிள்ளையவர்கள் கைவிடவில்லை என்பதே நம் துணிபு. பழைய தலைவன் ஒரு சோலையில், சில கணங்களில் கடந்துவிடும் அம்மூன்று நிலைகளை அவர் ஒரு நாடகம் முழுவதற்குமாக விரித்துவிட்டார். கனவிலே காட்சி. கனவில் கண்டவருக்குப் பூ வாடுவதில்லை, கண் இமைப்பதில்லை. மானுடமென்று துணிய ஓர் அடையாளமும் இல்லை. ஆகவே ஐயம் ஐந்து அங்கங்களுக்கும் நீள்கிறது. அந்த ஐயத்தின் இருளிலே சூழ்ச்சியும் போரும் தோல்வியும் நடந்தேறுகின்றன. கடைசிக் களத்தில் நேருக்கு நேர் நிற்கும்போதுதான் தெளிவு. உலகத்து நாடகங்களில் முதற்பார்வை கதையைத் தொடங்கி வைக்கிறது. மனோன்மணீயத்தில் முதற்பார்வை கதையை முடித்து வைக்கிறது. அங்கே பார்வை என்பது புதிதாக ஒன்றைக் கண்டு மயங்குதல் அன்று. உள்ளே நெடுநாள் இருந்ததை வெளியே கண்டு, இதுவே அது என்று அறிதல்.

தத்துவப் பேராசிரியர் ஒருவர் இவ்வாறு அமைத்ததில் வியப்பில்லை. ஜீவகனைச் சீவான்மாவாகவும், குடிலனை அதைக் கெடுக்கும் மாயையாகவும், முனிவரைக் குருவருளாகவும் கொண்டு இந்நாடகத்திற்குச் சித்தாந்தப் பொருள் கூறுவோர் உண்டு. முனிவருக்கு அவர் தம் குருவின் பெயரையே இட்டார் என்பதும் கருதத்தக்கது. நாடகத்தினுள் வாணி பாடும் கிளைக்கதைக்குச் சிவகாமி சரிதை என்று பெயர். அது கோல்ட்ஸ்மித் என்னும் ஆங்கிலக் கவியின் துறவி பற்றிய கதைப்பாட்டைத் தழுவியது. தம் மனைவியாரின் பெயர் தாங்கிய அக்கதையிலும், பிரிந்த காதலர் மாற்றுருவிலே சந்தித்து, பின்னர் ஒருவரையொருவர் அறிந்துகொள்கின்றனர். அறிதலே காதல் என்னும் கருத்து அவரை விடாது பற்றியிருந்தது.

ஆராய்ச்சியிலும் அவர் இதே கண்ணுடையவர். திருஞானசம்பந்தர் பதின்மூன்றாம் நூற்றாண்டினர் என்று கால்டுவெல் போன்ற பெரியோர் கூறியிருந்தனர். பிள்ளையவர்கள் நூற்சான்றுகளையும் சாசனங்களையும் ஒப்புநோக்கி, சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டவராக இருக்க முடியாது என்று நிறுவினார். பின்வந்த ஆராய்ச்சி அம்முடிவையே உறுதி செய்தது. திருவிதாங்கூரின் பழைய அரசர்களைப் பற்றிக் கல்வெட்டுகளைக் கொண்டு ஆராய்ந்து எழுதினார். 1892 டிசம்பரில் திருவனந்தபுரத்திற்கு வந்த விவேகானந்த சுவாமிகளோடு உரையாடியவர்களுள் அவரும் ஒருவர். 1896-ல் சர்க்கார் ராவ் பகதூர் பட்டம் அளித்தது. அடுத்த ஆண்டே, 1897 ஏப்ரல் 26-ந் தேதி, நாற்பத்திரண்டாம் வயதில் அவர் காலமானார். அவ்வயதை எட்டியுள்ள நாம் இதை எழுதும்போது, நம் மேஜைமீது குவிந்து கிடக்கும் முற்றுப்பெறாத காரியங்களைப் பார்த்து நாணுகிறோம்.

நாடகம் வெளிவந்த அதே 1891-ல் பிறந்த அவர் புதல்வர் நடராஜ பிள்ளை சமஸ்தானக் காங்கிரஸில் சேர்ந்து விடுதலைக்கு உழைத்தார்; அதற்குத் தண்டனையாக ஹார்விபுரம் சொத்தைத் திருவிதாங்கூர் அரசாங்கம் பறித்துக்கொண்டது. பின்னாளில் அவர் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தின் நிதி மந்திரியாகவும், 1962-ல் பார்லிமெண்டு அங்கத்தினராகவும் ஆனார். நாடகத்திலே இரு மன்னர் போரிட்ட நாஞ்சில் நாடு, 1956 நவம்பர் முதல் தேதி மாகாணங்கள் பிரிக்கப்பட்டபோது தமிழகத்தோடு சேர்ந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1942-ல் இக்கதையைப் பேசும்படமாக எடுத்தது. 1970-ல் வாழ்த்துப் பாடல் அரசு விழாக்களில் பாடப்பெற வேண்டுமென உத்தரவாயிற்று. 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடலாகவே அறிவிக்கப்பட்டது. திருநெல்வேலியில் ஒரு சர்வகலாசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயருக்கு ஒரு குறையும் இல்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. புருடோத்தமனுக்கு முகம் தெரிந்திருந்தது, பெயர் தெரியவில்லை. அதனால் ஒரு போர் மூண்டது. நமக்கோ பெயர் தெரிந்திருக்கிறது, முகம் தெரியவில்லை. வாழ்த்தைப் பாடுகிறோம், எழுந்து நிற்கவில்லையென்று ஒருவரையொருவர் வைகிறோம், நூலைத் திறப்பதில்லை. காணாத ஒன்றின்மேல் கொண்ட பற்றுக்குத் தெளிவு ஏது? அரசியலில் உழலும் நம் தோழர்களுக்கு இந்நூல் வேறு வகையிலும் வேண்டும். ஜீவகன் கொடுங்கோலன் அல்லன். முகஸ்துதியை அன்பென்று மயங்கியவன், அவ்வளவே. அந்த மயக்கத்திற்கு விலையாகத் தந்தைக்கு அடங்கிய பெண்ணொருத்தி தன் உள்ளத்தையே பலியிட நேர்ந்தது. கூட்டங்களிலே கைதட்டலைக் கேட்டு வாழ்கிற எவருக்கும் இப்பாடம் மிகையாகாது.

வெலிங்டனை விட்டுப் புறப்பட்ட நாளில், மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மைதானத்தைக் கடந்து வந்தோம். 1947 முதல் அப்படையின் தலைமையிடம் அங்கே இருக்கிறது. பழைய திருவிதாங்கூர்ச் சேனையின் வழிவந்த பட்டாளமும் அதைச் சேர்ந்ததே. தமிழ் இளைஞரும் மலையாள இளைஞரும் ஒரே வரிசையில் நடந்துகொண்டிருந்தார்கள். சேரனும் பாண்டியனும் இவ்வாறு நிற்பதைப் பார்க்கப் பிள்ளையவர்கள் கொடுத்துவைக்கவில்லை. ஊர் திரும்பியதும் மனோன்மணீயத்தின் பிரதியொன்றை அந்த மாணவன் படிக்கும் பள்ளியின் வாசகசாலைக்கு அனுப்பிவைத்தோம். அவன் அதைத் திறந்து பார்த்தானா என்பதை வருகிற ஆனியில் நேரிற் சென்று விசாரிக்க எண்ணியிருக்கிறோம். நேயர்களும் தத்தம் ஊர்ப் பள்ளிக்கு ஒரு பிரதி அனுப்புவார்களாயின், அனுப்புமுன் தாமும் ஒருமுறை வாசிப்பார்களாயின், நாம் இதை எழுதியது வீணாகாது.